நிலத்தை விற்று எம்.பி.ஏ. படிக்க வைக்கலாமா?

''பட்டாபிராமுக்கு மேற்கே ஒன்றே கால் ஏக்கரில் கீரையும் மல்லிகைப்பூவும் சாகுபடி செய்கிறோம். இரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன. மகள் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். கீரைக் கணக்கு, பால் கணக்கு, ஆள் கூலி எல்லாம் அவள்தான் பார்க்கிறாள். எம்.பி.ஏ. படித்தால் மேனேஜர் ஆகலாம் என்கிறாள். ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் தருவதாகச் சொல்கிறார்கள். அதற்கு ரோட்டோரம் இருக்கும் முப்பது சென்ட்டைக் கொடுக்க வேண்டிவரும். மேனேஜர் என்றால் என்ன வேலை, அதில் எத்தனை விதம் என்று செல்போனில் தேடினால் கல்லூரி விளம்பரமாகவே வருகிறது. என்ன செய்யலாம்?''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருவள்ளூர் மாவட்டம்.

ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி, திருமழிசை பக்கம் நிலம் வைத்திருக்கும் பல குடும்பங்களில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பாடியில் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகள். பூந்தமல்லியைத் தாண்டினால் பெங்களூரு நெடுஞ்சாலை நெடுகக் கிடங்குகள். பட்டாபிராமில் 2024-ல் திறந்த டைடல் பார்க் கட்டடம் வயலில் நின்று பார்த்தாலே தெரிகிறது. வேலை இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குள் எந்த வாசல் வழியாகப் போவது என்பதுதான் தெரியவில்லை. அந்த நேரத்தில் யாராவது 'எம்.பி.ஏ.' என்று சொன்னால் அதுவே வாசல் என்று தோன்றிவிடுகிறது.

ஒரு விஷயத்தை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த வருஷம் சேராத படிப்பில் அடுத்த வருஷம் சேரலாம். இந்த வருஷம் விற்ற முப்பது சென்ட்டை அடுத்த வருஷம் அதே விலைக்குத் திரும்ப வாங்க முடியாது. அதனால் பத்திர அலுவலகத்துக்குப் போவதற்கு முன் இரண்டு மாதம் எடுத்துக்கொள்வதில் நஷ்டம் எதுவும் இல்லை. ஒரு குயர் நோட்டும், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் செல்போனும் போதும்.

தேடினால் விளம்பரம்தான் வருகிறது என்று அப்பா எழுதியிருப்பது சரி. காரணம், தேடும் சொல்லில் இருக்கிறது. 'எம்.பி.ஏ.', 'மேனேஜ்மென்ட் கோர்ஸ்' என்று தேடினால் படிப்பை விற்பவர்கள்தான் முன்னால் வந்து நிற்பார்கள். மேலே வரும் நான்கைந்து வரிகளின் ஓரத்தில் 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாகப் போட்டிருக்கும். அது காசு கொடுத்துப் பிடித்த இடம். படிப்பின் பெயரை விட்டுவிட்டு வேலையின் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். 'ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் அம்பத்தூர்', 'பர்ச்சேஸ் எக்ஸிகியூட்டிவ் ஆவடி', 'வேர்ஹவுஸ் சூப்பர்வைசர் பூந்தமல்லி' என்று போட்டால் வேறோர் உலகம் திறக்கும். மத்திய அரசு 2015-ல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளமும், தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளமும் கட்டணம் இல்லாதவை. இரண்டிலும் மகள் பெயரைப் பதிந்துவைக்கலாம்.

வேலைகளின் பெயர்களையும், ஒவ்வொரு வேலையிலும் என்ன செய்வார்கள் என்பதையும் அரசாங்கங்களே தொகுத்து இலவசமாக வைத்திருக்கின்றன. இந்தியாவில் அதற்குப் பெயர் தேசியத் தொழில் வகைப்பாடு. கடைசியாக 2015-ல் திருத்தி வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 'ஓ நெட்' என்ற இணையதளம் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால், செல்போனிலேயே தமிழுக்கு மாற்றிப் படிக்கலாம். ஒரு வேலையின் பெயரைக் கொடுத்தால் அதில் அன்றாடம் என்னென்ன செய்ய வேண்டும், எந்தத் திறன் வேண்டும், எவ்வளவு படிப்பு வேண்டும் என்று வரிசையாக வரும்.

அந்தத் தளத்தில் விவசாயி எந்த வரிசையில் இருக்கிறார் என்று தேடிப் பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். அமெரிக்காவின் தொழில் வகைப்பாட்டில் 11-ல் தொடங்கும் எண்கள் எல்லாம் மேலாளர் வேலைகள். கம்பெனித் தலைமை நிர்வாகி, நிதி மேலாளர், மனிதவள மேலாளர் எல்லாரும் அந்த வரிசை. 11-9013 என்ற எண்ணில் இருப்பவர் விவசாயி. பண்ணை நடத்துபவரை அங்கே மேலாளர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். இந்திய வகைப்பாட்டில் விவசாயி ஆறாவது பிரிவில், திறன்பெற்ற வேளாண் தொழிலாளர் என்ற தலைப்பில் வருகிறார். செய்கிற வேலை ஒன்றுதான். அங்கே அதில் இருக்கும் முடிவெடுக்கும் பங்கை எண்ணுகிறார்கள். இங்கே கைவேலையை மட்டும் எண்ணுகிறார்கள்.

சந்தோஷப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. மகள் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறாள் என்று தெரிவதற்காகச் சொல்வது. ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்று கனடாவில் ஓர் ஆய்வாளர். மேனேஜர் என்பவர் உண்மையில் என்னதான் செய்கிறார் என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. ஐந்து நிறுவனத் தலைவர்களின் பக்கத்தில் ஆளுக்கு ஒரு வாரம் இருந்து, அவர்கள் செய்ததை எல்லாம் நேரம் போட்டுக் குறித்தார். 1973-ல் அது புத்தகமாக வந்தது. அறைக்குள் உட்கார்ந்து நிதானமாகத் திட்டம் போடுபவர் மேனேஜர் என்றுதான் அதுவரை பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. அவர் பார்த்தது வேறு. அந்தத் தலைவர்கள் செய்த காரியங்களில் பாதி, ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. எல்லாவற்றையும் சலித்துப் பத்து விதமான பொறுப்புகளாகப் பிரித்தார். அவையும் மூன்று குவியல்தான். ஆட்களைச் சேர்த்து வைத்துக்கொள்வது, செய்தியைக் கேட்டுச் சரியான ஆளிடம் சேர்ப்பது, முடிவெடுப்பது.

கீரைக்காரர் வீட்டில் விடிகாலை எப்படி இருக்கும்? கட்டுக் கட்டும் பெண்களில் ஒருத்தர் வரவில்லை. கோயம்பேட்டுக்குப் போகும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். பால் சொசைட்டியில் நேற்றைவிடக் கொழுப்பு குறைவு என்று காசைக் குறைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வண்டியைக் கால் மணி நேரம் நிறுத்தி, சொசைட்டியில் திரும்ப அளக்கச் சொல்லி வாதாடுவதற்குள் மணி ஏழாகிவிடும். அந்த மூன்று குவியலும் இதில் இருக்கிறது. மகள் இதைத்தான் தினம் செய்வதாக அப்பாவே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால், வேலைக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னால் 'அனுபவம்: இல்லை' என்றுதான் எழுதுவாள்.

இப்போது நோட்டுக்கு வரலாம். ராபர்ட் காட்ஸ் என்பவர் 1955-லேயே மேலாளர்களுக்கு வேண்டிய திறனை மூன்றாகப் பிரித்து எழுதினார். ஒன்று தொழில் அறிவு. இரண்டு, ஆட்களோடு வேலை செய்யத் தெரிவது. மூன்று, எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாகப் பார்ப்பது. கீழ்ப்படியில் இருக்கும்போது தொழில் அறிவு அதிகம் வேண்டும், மேலே போகப் போக மூன்றாவது அதிகம் வேண்டும், நடுவில் உள்ளது எல்லாப் படிக்கும் வேண்டும் என்றார். நோட்டில் அந்த மூன்று தலைப்பைப் போட்டுக் கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் பகுதி வேலை விளம்பரங்கள் முப்பதைப் படித்து, ஒவ்வொன்றும் என்ன கேட்கிறது என்று அந்தந்தத் தலைப்பின் கீழே எழுத வேண்டும். அதே வார்த்தை மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு. டேலி, எக்ஸெல், ஜி.எஸ்.டி. கணக்கு, இ-வே பில், ஸ்டாக் எடுப்பது, சப்ளையரிடம் பேசுவது, ஷிஃப்ட்டில் ஆள் பிரிப்பது, ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது என்று வார்த்தைகள் வந்துகொண்டே இருக்கும். இன்னொரு பக்கத்தில், எத்தனை விளம்பரம் எம்.பி.ஏ. கட்டாயம் என்கிறது, எத்தனை 'ஏதாவது ஒரு பட்டம்' என்கிறது என்று தனியாக எண்ண வேண்டும். அந்த இரண்டு எண்ணிக்கையையும் அப்பாவும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். முப்பது சென்ட் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

விளம்பரத்தில் வரும் 'மேனேஜர்' என்ற சொல்லைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. கீழே ஓர் ஆள்கூட இல்லாத மேனேஜர்கள் இருக்கிறார்கள். வங்கி, நிதி நிறுவனங்களில் 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்' என்று போட்டால், பெரும்பாலும் வாடிக்கையாளரைப் பிடித்து மாத இலக்கை முடிக்கும் வேலை. 'பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிகியூட்டிவ்' என்றால் வெயிலில் அலைந்து விற்பது. 'மேனேஜ்மென்ட் டிரெய்னி' என்பதில் இரண்டு வகை உண்டு. நிஜமாகவே எல்லாப் பிரிவிலும் சுற்றவிட்டுக் கற்றுக்கொடுக்கும் நிறுவனம் ஒரு வகை. வீடு வீடாகப் பொருள் விற்க அனுப்புவது இன்னொரு வகை. விற்பனை கேவலமான வேலை இல்லை. கோயம்பேட்டில் பேரம் பேசத் தெரிந்த பெண்ணுக்கு அது நன்றாகவே வரலாம். என்ன வேலை என்று தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான். மறுபக்கம், பெயரில் மேனேஜர் இல்லாத 'ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்' ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு, கோடிக்கணக்கான ரூபாய் சரக்குக்குப் பதில் சொல்கிறவராக இருப்பார்.

தொழிற்சாலையில் நிர்வாகம் என்பது மேல்மாடி அறையில் நடப்பதில்லை என்பதற்குப் பாடியே சாட்சி. அங்கே இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அந்தப் பரிசை முதலில் வாங்கிய நிறுவனம் அது. தரத்துக்காக 1951 முதல் ஜப்பானில் கொடுக்கப்படும் பரிசு. தர ஆய்வாளர் கடைசியில் வந்து பொறுக்கி எறிவதற்குப் பதிலாக, மெஷினில் நிற்பவரே குறையைக் குறித்து, காரணம் தேடி, மாற்றிப் பார்த்து, மறுபடி அளக்கும் முறைக்குக் கொடுப்பது அது. கீரைப் பாத்தியில் ஓர் ஓரம் மட்டும் மஞ்சளானால் தண்ணீரா, சத்துக் குறைவா, பூச்சியா என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பவருக்கு இது புரியாத வித்தை இல்லை. ஒரே வித்தியாசம், அங்கே எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்கள். பெரும்பாலான விவசாயிகள் தடுமாறுவது அந்த இடத்தில்தான். மகள் கணக்கு எழுதுகிற பெண் என்பதால் அவளுக்குப் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

இன்னொரு வாசல் இருக்கிறது. கல்லூரிக்காரர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். விவசாயிகளே பங்குதாரராக இருக்கும் இந்தக் கம்பெனிகளுக்கு 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி வழி செய்தார்கள். குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் தொடங்கலாம். ஆளுக்கு எத்தனை பங்கு இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். ஐந்து முதல் பதினைந்து இயக்குநர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது இயக்குநர் கூட்டம் நடத்த வேண்டும். இதெல்லாம் பலருக்குத் தெரியும். தெரியாத ஒன்று, அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் ஒருவரை வைத்தே ஆக வேண்டும். அவர் பங்குதாரராக இருக்கக் கூடாது, வெளியாளாக இருக்க வேண்டும். பதவி வழியில் அவரும் ஓர் இயக்குநர் ஆகிவிடுவார். அதாவது, விவசாயிகள் சம்பளம் கொடுத்து ஒரு மேனேஜரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

மத்திய அரசு 2020 பிப்ரவரியில் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழிகாட்டு நெறிமுறை இணையத்தில் கிடைக்கிறது. அதில் இந்தப் பதவிக்கு என்ன படிப்பு வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். வேளாண்மை, வேளாண் சந்தை, வேளாண் வணிக மேலாண்மைப் பட்டம் அல்லது பி.பி.ஏ., அல்லது அதற்கு இணையானது. பிளஸ் டூ முடித்து வேளாண்மை தொடர்பான பட்டயம் வைத்திருக்கும் உள்ளூர்க்காரருக்கும் முன்னுரிமை தரலாம் என்றும் எழுதியிருக்கிறது. கணக்காளர் பதவிக்கு பிளஸ் டூ-வில் கணிதம், வணிகவியல் அல்லது கணக்குப் பதிவியல் போதும். சம்பளத்துக்காக அரசு தரும் உதவி, முதன்மைச் செயல் அலுவலருக்கு மாதம் ரூ.25,000 வரை, கணக்காளருக்கு ரூ.10,000 வரை. மூன்று வருஷத்தில் ஒரு நிறுவனத்துக்கு நிர்வாகச் செலவுக்கென்று அதிகபட்சம் ரூ.18 லட்சம்.

பி.காம். படித்த மகளுக்குக் கணக்காளர் பதவியின் கதவு இன்றைக்கே திறந்திருக்கிறது. முதன்மைச் செயல் அலுவலர் பதவிக்கு அவளுடைய பட்டத்தை இணையாக எடுத்துக்கொள்வார்களா என்பதை அந்தந்த நிறுவனத்தின் இயக்குநர்களிடமும், அதை வழிநடத்தும் அமைப்பிடமும் கேட்க வேண்டும். அப்பா ஏற்கெனவே ஒரு நிறுவனத்தில் பங்கு வாங்கியிருந்தால், மகள் பெயரில் பங்கு வாங்காமல் இருப்பது நல்லது. உறுப்பினரானால் அந்த நிறுவனத்தில் செயல் அலுவலர் ஆக முடியாது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன வேலை? இந்தப் போகத்துக்கு யாருக்கு எவ்வளவு விதை, உரம் என்று பட்டியல் எடுப்பது. உரம், விதை விற்கும் உரிமத்தைக் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது. ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வது. கம்பெனிப் பதிவாளருக்கு வருஷா வருஷம் கணக்கு அனுப்புவது. வாங்குகிற வியாபாரியிடம் விலை பேசுவது. சரக்கை நிராகரித்து லாரியைத் திருப்பி அனுப்பினால் இரவோடு இரவாக வேறு ஆளைப் பிடிப்பது. விலை ஐம்பது காசு கூடினால் வெளியில் விற்றுவிடும் உறுப்பினரிடம் சண்டை போடாமல் பேசுவது. அதைவிடக் கஷ்டம், தலைவராக இருக்கும் பெரியவர் தவறான முடிவைச் சொல்லும்போது, மரியாதை குறையாமல் ''வேண்டாங்கய்யா, கணக்கு இப்படி வருது'' என்று தாளை நீட்டுவது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்கு இது லேசான வேலை இல்லை. ஆனால், இரண்டு வருஷம் இதைச் செய்தவர் நிர்வாகம் தெரியாது என்று எந்த நேர்முகத் தேர்விலும் சொல்ல வேண்டியிருக்காது.

இதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. அரசு உதவி மூன்று வருஷம்தான். அதன் பிறகு சம்பளம் நிறுவனத்தின் வியாபாரத்திலிருந்து வர வேண்டும். பெயருக்குத் தொடங்கி, பெயர்ப் பலகையோடு நிற்கும் நிறுவனங்களில் அது வராது. அதனால் சேர்வதற்கு முன் விசாரிக்க வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால், எந்தத் தேதியில் பதிவானது, இப்போது நடப்பில் இருக்கிறதா, கடைசியாக எந்த வருஷத்துக் கணக்கு கொடுத்திருக்கிறது என்பதெல்லாம் காசில்லாமல் தெரிந்துவிடும். இரண்டு வருஷமாகக் கணக்கே கொடுக்காத நிறுவனத்தில் சேருவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இதே சோதனையை, வேலை தருவதாகச் சொல்லும் எந்தத் தனியார் கம்பெனிக்கும் செய்யலாம். மாவட்டத்தில் எந்தெந்த நிறுவனங்கள் உள்ளன என்ற விவரத்தை வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நடை போனாலும் வழி சொல்வார்கள்.

விவசாயிகளிடம் சம்பளம் வாங்குவது ஒரு வேலையா என்று மகளுக்குத் தோன்றினால், வர்கீஸ் குரியன் கதையைத் தேடிப் படிக்கச் சொல்லலாம். கோழிக்கோட்டில் பிறந்தவர். கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிக்கூடம், சென்னை லயோலாவில் பட்டம், கிண்டியில் பொறியியல், அதன் பின் அமெரிக்காவில் மேற்படிப்பு. அரசு உதவித்தொகைக்கான ஒப்பந்தத்துக்காக 1949-ல் வேண்டாவெறுப்பாகத்தான் குஜராத்தின் ஆனந்த் என்ற சின்ன ஊருக்குப் போனார். எப்போது கிளம்பலாம் என்று காத்திருந்தவரை, அங்கே பால் கூட்டுறவு சங்கத்தை நடத்திவந்த திரிபுவன்தாஸ் படேல் 'இந்த மெஷினை மட்டும் சரி பண்ணிவிட்டுப் போங்கள்' என்று நிறுத்தினார். அடுத்த வருஷம் அதே சங்கத்துக்கு மேனேஜர் ஆனார். அமுல் அப்படி வளர்ந்ததுதான். கடைசிவரை தன்னை விவசாயிகளின் ஊழியர் என்றே சொல்லிக்கொண்டார். அம்பத்தூரில் நிற்கும் ஆவின் பால் பண்ணைக்குப் பின்னால் இருக்கும் கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற மூன்று அடுக்கும் ஆனந்தில் பிறந்த வடிவம்தான். பெரிய மேலாண்மைக் கல்லூரிகளில் படித்தவர்கள் கிராமத்துப் பக்கம் வரவில்லை என்பதால், அதற்கென்றே 1979-ல் ஆனந்தில் ஊரக மேலாண்மை நிறுவனத்தையும் தொடங்கினார். எந்தப் பட்டம் படித்தவரும் நுழைவுத் தேர்வு எழுதி அங்கே சேரலாம். 2025-ல் அது திரிபுவன் சககாரி பல்கலைக்கழகம் ஆகியிருக்கிறது. மேலாண்மை படித்தே ஆக வேண்டும் என்றால், கோட்டா சீட்டைவிட இதற்கு முயற்சி செய்து பார்க்கலாம்.

அவ்வளவு தூரம் அனுப்ப மனசில்லை என்றால் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. சென்னை அண்ணா நகரில் உள்ள நடேசன் கூட்டுறவு மேலாண்மை நிலையம். கூட்டுறவு சங்கங்கள், வங்கிகளுக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் வழியாக ஆள் எடுக்கும்போது பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கிறார்கள். அந்தப் பயிற்சிக்குத்தான் இந்த நிலையம். பட்டாபிராமிலிருந்து வீட்டிலிருந்தபடியே போய்வரலாம். கீரைக் கணக்கும் நிற்காது.

எம்.பி.ஏ. வேண்டவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. நோட்டில் எண்ணும்போது, மகளுக்குப் பிடித்த வேலைக்கெல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் படிக்க வேண்டியதுதான். ஆனால், மேலாண்மைப் பாடம் அவளுக்குப் பிடிக்குமா என்பதைக் காசு செலவழிக்காமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் கணக்கு, சந்தைப்படுத்தல், மனிதவளம், சரக்கு மேலாண்மைப் பாடங்கள் இலவசம். மேலாண்மைப் பாடங்களை ஒருங்கிணைப்பது பெங்களூரு ஐ.ஐ.எம். சான்றிதழ் வேண்டும் என்று தேர்வு எழுதினால் மட்டும்தான் கட்டணம். எட்டு வாரமோ பன்னிரண்டு வாரமோ ஒரு பாடத்தை எடுத்து முடிக்கட்டும். மூன்றாவது வாரமே அலுத்துப்போனால், இரண்டு வருஷப் படிப்புக்கு நிலம் கொடுக்காமல் தப்பித்தாயிற்று. முடித்துவிட்டு அடுத்த பாடம் எங்கே என்று கேட்டால், அப்பா தாராளமாக யோசிக்கலாம்.

அப்போதும் கோட்டா சீட்டு ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' நுழைவுத் தேர்வை எழுதினால் கலந்தாய்வு மூலம் இடம் கிடைக்கும். அரசுக் கல்லூரிகளுக்கும் அது செல்லும். எம்.பி.ஏ. என்ற பட்டத்தைப் பல்கலைக்கழகமோ, பட்டம் தரச் சட்டப்படி அதிகாரம் பெற்ற நிறுவனமோதான் தர முடியும். தனித்து இயங்கும் நிறுவனங்கள் தருவது பி.ஜி.டி.எம். என்ற பட்டயம். அதற்கு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் வேண்டும். இரண்டையும் அந்தந்த இணையதளத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி.யே வெளியிடுகிறது. 'நூறு சதவிகித வேலை' என்று கல்லூரி சொன்னால், போன வருஷம் படித்து முடித்தவர்களில் நான்கு பேரிடம் மகளே பேச வேண்டும். என்ன சம்பளம் என்று கேட்பதற்கு முன்னால், 'காலையில் போனதும் என்ன செய்வீர்கள் அக்கா?' என்று கேட்பது நல்லது.

பணத்துக்கு நிலம்தான் வழி என்றும் இல்லை. ரூ.7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு, சொத்து அடமானமோ வெளியாள் ஜாமீனோ இல்லாமல் வங்கி கொடுப்பதற்காக மத்திய அரசின் உத்தரவாத நிதித் திட்டம் இருக்கிறது. 'வித்யாலட்சுமி' தளத்தில் விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வு எழுதித் தகுதியில் வாங்கிய சீட்டையும் கோட்டா சீட்டையும் வங்கிக்காரர் ஒரே மாதிரி பார்ப்பாரா என்பதை, கல்லூரிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கிளை மேலாளரிடம் கேட்டுவிட வேண்டும்.

வேலை தேடும்போது பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று முன்கூட்டிப் பணம் கேட்டால், அந்த நம்பரை அங்கேயே முடக்கிவிடலாம். தெரியாமல் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும்.

'இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டாவிட்டால் சீட் போய்விடும்' என்று கல்லூரியிலிருந்து அநேகமாக போன் வரும். பணம் கட்டிவிட்டு வேண்டாம் என்று திரும்பும் மாணவருக்கு எத்தனை நாளுக்குள் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. விதி வைத்திருக்கிறது. அசல் மதிப்பெண் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. போனில் பேசுபவரிடம் அந்த இரண்டையும் எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதையும் மகள் அந்த நோட்டிலேயே தேதி போட்டு எழுதி வைக்கட்டும்.